மாமனார் அடித்த கறுப்பு

அந்தக் கேமராவின் முழுப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும். ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர், நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கித்தான் முடிக்க வேண்டும். பழைய கேமரா சேர்க்கும் எங்கள் வட்டத்தில் அதைக் 'கறுப்பி' என்போம். "அந்தக் கறுப்பி இந்த வீட்டு வாசப்படி ஏறினா நான் இறங்கிடுவேன்" என்று என் மனைவி சொல்லாத வருடம் கிடையாது.

மூடியிருக்கும்போது மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும், கோட்டுப் பையில் அடங்கிவிடும். மேலே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் முன்கதவு திறந்து, மடிப்புத் தோலை இழுத்துக்கொண்டு லென்ஸ் வெளியே வந்து நிற்கும். பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிரில் நிற்பவர் இரண்டு ஆளாகத் தெரிவார். ஒரு சக்கரத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒரே ஆளாகிவிடுவார்கள். அப்போது தூரம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். ரேஞ்ச்பைண்டர் என்று பெரிதாகப் பேசுகிறோமே, விஷயம் இவ்வளவுதான்.

வெள்ளி நிறத்தில் இதே கேமரா தேடினால் கிடைக்கும், என்னிடமே ஒன்று இருக்கிறது. கறுப்பு எனாமல் பூசி வந்தவை மிகக் கொஞ்சம். அதிலும் அந்தப் பழைய பூச்சு, யாரோ ஒரு மனிதரின் கை பட்டுப் பட்டு ஓரங்களில் தேய்ந்து, அடியில் இருக்கும் பித்தளை மஞ்சளாய் எட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தேய்மானத்துக்காகத்தான் எங்களை மாதிரிப் பைத்தியங்கள் உயிரை விடுவது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை, கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது. நான் தெருமுனையில் தெரிந்தாலே காய்கறிக்காரர் முகம் சுண்டிப்போகும். எதைப் பார்த்தாலும் சந்தேகம், மூக்குக்கு மேல் கோபம், இரண்டும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. கேமராவிலும் அப்படித்தான். ஒரு திருகாணி மாற்றியிருந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் எங்கள் வட்டம் கூடும். வட்டம் என்றால் நான், ஒரு மருந்துக்கடைக்காரர், அப்புறம் 'கழுகு'. பூதக்கண்ணாடியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் அவருக்கு அந்தப் பெயர். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: எதையும் துடைக்காதே. பழைய அழுக்குகூட அந்தப் பொருளின் ஜாதகம். துடைத்தவன் தொலைந்தான்.

என் மாமனார் ஆயுள் முழுக்கத் துடைத்தவர்.

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார். நசுங்கி, துருப்பிடித்து வரும் வண்டியைச் சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பூசி, முகம் பார்க்கிற மாதிரி அனுப்பிவைப்பார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கண்ணாடி அலமாரியின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "எல்லாம் பழசா இருக்கே மாப்பிள்ளை. ஒரு கோட் அடிச்சா சூப்பரா ஆயிடும்" என்றார். நான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை, அவ்வளவுதான். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார்: "மாப்பிள்ளைக்கு டீ வேணுமான்னு கேளும்மா." நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "வேணாம்னு சொல்லு" என்று நானும் அவளிடம் சொல்வேன். இப்படி ஒரு தபால்காரி வேலையைப் பல வருடம் பார்த்தாள் என் மனைவி. மாமியார் இறந்த பிறகு அவர் தன் ஊரில் தனியாக இருந்தார். கை நடுங்க ஆரம்பித்ததும் பட்டறையை மூடிவிட்டார். ஒருமுறை வந்திருந்தபோது, என்ன தோன்றியதோ, என்னிடமே நேராகக் கேட்டார். "அப்படி என்னத்தைத்தான் மாப்பிள்ளை தேடறீங்க?" நான் கறுப்பியின் படம் ஒன்றைக் காட்டினேன். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதை என் முன்னால் வைத்துவிட்டு, மகளிடம் சொல்லாமல், என்னிடமே சொன்னார்: "தொறந்து பாருங்க."

பழைய பனியன் துணிக்குள் கறுப்பி இருந்தாள்.

இல்லை, அவளுடைய எலும்புக்கூடு இருந்தது. அதன் மேல் முழுக்க ஒரு புதுக் கறுப்பு, மந்திரி ஏறும் கார் மாதிரி பளபளத்தது. என் முகம் அதில் தெரிந்தது. பக்கவாட்டுத் தோலை உரித்துவிட்டு சீட் கவருக்குப் போடும் ரெக்சின் ஒட்டியிருந்தது, ஓரம் பிசிறாமல், அளவு சுத்தமாக. மடிப்புத் தோலுக்கு ஷூ பாலிஷ். பொடி எழுத்துகளில் வெள்ளை நிரப்பி, பள்ளிக்கூடப் பலகை மாதிரி ஆக்கியிருந்தார். நான் திருப்பிப் பின்பக்கத்தில் பொறித்த எண்ணைப் பார்த்தேன்; கறுப்பாகவே வந்தவற்றுக்கு எண் வரிசை தனி. சந்தேகமே இல்லை, அசல். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எனக்கு வாய்க்குள்ளேயே போய் மண்ணாக மாறிவிட்டது.

"எங்க ஊர்ல பழைய வண்டி உடைக்கிறவன் ஒருத்தன் இருக்கான். எனக்கு வேண்டியவன். அவன்கிட்ட சொல்லிவெச்சிருந்தேன்" என்றார் மாமனார். "எப்படி இருந்துச்சு தெரியுமா? பாத்தா அழுதுடுவீங்க. மூலைக்கு மூலை பெயின்ட் போயி பித்தளை பல்லைக் காட்டுது. இருங்க."

போனை எடுத்தார். பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வேலைக்கு முன்னால் ஒரு படம், முடித்த பிறகு ஒரு படம் எடுத்து வைப்பார்கள். முன்னால் எடுத்த படத்தைக் காட்டினார். நான் அத்தனை வருடம் கனவில் பார்த்த கேமரா அவருடைய சாப்பாட்டு மேஜையில் இருந்தது. ஓரங்களில் அந்த மஞ்சள், பொத்தானைச் சுற்றி யாரோ ஒருவரின் கட்டைவிரல் தேய்த்த வட்டம். எல்லாம் அப்படி அப்படியே.

"ஒரு நிமிஷம் மாமா" என்று எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன். சுவரைக் குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளியே வந்தபோது மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இத்தனை வருடம் என் புலம்பலைக் கேட்டவள், தேய்மானம் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

"பாழாயிடுச்சா?"

"பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடிஞ்சிருக்கு. உங்கப்பாகிட்ட எவன் கேட்டான்? அப்படியே கொண்டுவந்து குடுத்திருந்தா கால்ல விழுந்திருப்பேனே."

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்பாவால இப்ப சட்டைப் பட்டனே ஒழுங்கா போட முடியல. நான்தான் காலையில போட்டுவிட்டேன். அந்தக் கையோட இதை எப்படி செஞ்சார்னு தெரியல. எத்தனை தடவை வழிச்சுட்டு திரும்ப அடிச்சாரோ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் பொய் சொல்லச் சொல்லல. ஆனா சொல்லும்போது நானும் பக்கத்துல இருக்கேன்."

நான் கூடத்துக்குப் போனேன். மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி என்னையே பார்த்தார்.

"நல்லா இருக்கு மாமா" என்றேன்.

ஊரில் இருக்கும் தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்துகிறவன் நான். அன்றைக்கு ஒரு பொய்க்கு முத்திரை குத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. அன்று சாப்பிடும்போது தபால்காரி இல்லாமலேயே என்னோடு பேசினார், எந்த எமரி ஷீட்டால் தேய்த்தார், எத்தனை கோட், நடுவில் மழை வந்து ஈரத்தில் எப்படிக் கொப்புளித்தது என்று. நான் 'உம்' கொட்டிக்கொண்டே மென்று விழுங்கினேன். விழுங்கியது சோறு மட்டும் இல்லை.

சோதனையாக அந்த வாரமே எங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக நின்றார். "உங்க கூட்டாளிங்க பாக்க வேணாமா?" என்றார். கால்வலி, வெயில் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். கழுகு போனை எடுக்கவில்லை. அந்த மனுஷன் வீட்டில் போனை வைத்துவிட்டுத் தெருவில் நடப்பவர்.

சலவைக் கடைப் படிகளில் மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மருந்துக்கடைக்காரர் கேமராவை வாங்கி, "அடேயப்பா, கண்ணு கூசுது" என்றார். அதில் பொய் இல்லை. அப்புறம்தான் கழுகு வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் எடுத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்து எண்ணைப் படித்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இது அசல் கறுப்பு. யாருய்யா இந்தப் பாவத்தைப் பண்ணது?"

நான் பதில் சொல்வதற்குள், "நான்தாங்க" என்றார் மாமனார்.

கழுகு கெட்டவர் இல்லை. முகம் வெளிறி, கேமராவை மெதுவாகக் கீழே வைத்தார். மாமனார் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தொடாம விட்டிருந்தா நல்லா இருந்திருக்குமா மாப்பிள்ளை?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா, இவர் ஏதோ..."

"நீங்க தராசு பாக்கறவர். சரியா சொல்லுங்க."

என்னால் இரண்டாவது முறை முடியவில்லை. "ஆமா மாமா" என்றேன். "அந்தப் பழைய கறுப்புக்குத்தான் மதிப்பு. தேஞ்சிருந்துச்சே, அதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார், ரொம்ப மெதுவாக, ஒரு வாடிக்கையாளர் வண்டியில் இருக்கும் குறையைச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிற மாதிரி. பிறகு பனியன் துணியை எடுத்துக் கேமராவைச் சுற்றினார். துணியின் நுனி அவர் கையில் சிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. கழுகுதான் கைகொடுத்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

மாமனார் வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு வேண்டாம் என்று மகளிடம் சொல்லியனுப்பினார். மறுபடியும் அவள் தபால்காரி ஆனாள். எனக்குக் கழுகு மேல் கோபம் வந்தது, அப்புறம் ஜெர்மன்காரன் மேல், கடைசியில் அந்தக் கேமரா மேலேயே வந்தது. ஒரு தகர டப்பா, அதற்காக ஒரு மனிதரின் முகத்தை இப்படிப் பார்க்க வேண்டியதாகிவிட்டதே என்று மனசு ஆறவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் கூடத்துக்கு வந்தேன். மாமனார் மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பக்கத்தில் எமரி ஷீட், நடுவில் கேமரா. எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்த போனில் அந்தப் பழைய படம் தெரிந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படத்தையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நீங்க கொஞ்சம் பக்கத்துல இருந்து சொல்லணும்" என்றார். "எங்கெங்க தேஞ்சிருந்துச்சுன்னு படத்துல இருக்கு. அதே மாதிரி தேச்சுக் குடுத்துடறேன். இந்த மூலையில கொஞ்சம் ஜாஸ்தி. இங்க லேசா. நான் இதுவரைக்கும் பழசைப் புதுசாக்கித்தான் பழக்கம். புதுசைப் பழசாக்கினது இல்ல. ஆனா வரும். வேலைதானே."

எமரி ஷீட்டை எடுத்தார். அது அவர் கையில் காற்றில் ஆடும் இலை மாதிரி படபடத்தது. மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூலையருகே கொண்டுபோனார்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். கல்யாணத்தன்று அவர் என் கையைப் பிடித்தது, அதற்குப் பிறகு இதுதான். சூடாக இருந்தது. நடுக்கம் என் கைக்குள்ளும் ஏறியது.

"வேணாம் மாமா."

"கெடுத்ததை நான்தானே சரிபண்ணணும்?"

"இது சரிபண்றது இல்ல மாமா, கள்ளத்தனம். தானா தேஞ்ச எடைக்கல்லை மாத்திக்கச் சொல்லுவேன். வேணும்னே தேச்ச எடைக்கல்லுக்கு நான் கேஸ் போடறவன். உங்க மேல கேஸ் போட வைக்காதீங்க."

அவர் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். சிரிக்கவில்லை. "அப்ப என்னதான் மாப்பிள்ளை பண்றது?" என்றார். குரல் உடைந்திருந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

"அந்தத் தேய்மானம் யாரோ ஒருத்தர் வருஷக்கணக்கா கையில வெச்சு படம் எடுத்ததால வந்தது. இதுவும் தேயணும்னா நாமதான் படம் எடுக்கணும். தானா தேயட்டும்."

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அலமாரி நிறைய கேமரா வைத்திருக்கும் நான் அவற்றில் ஒன்றில்கூட பிலிம் போட்டவன் இல்லை. போட்டால் தேயும் என்று பயம். மருந்துக்கடைக்காரரிடம் போய் ஒரு பிலிம் சுருள் வாங்கிவந்தேன்.

மாமனாரைத் தெருவில், எங்கள் வீட்டு மதிலை ஒட்டி நிற்கவைத்தேன். அவர் நேராக நிற்காமல், நின்றிருந்த பக்கத்து வீட்டுக் காரையே பார்த்தார். "கதவு மாத்தி அடிச்சிருக்கான். கலர் ஒட்டல" என்றார். "அதை அப்புறம் பாக்கலாம் மாமா, இங்க பாருங்க" என்றேன். ஜன்னலில் கண்ணை வைத்தேன். இரண்டு மாமனார்கள் தெரிந்தார்கள். இரண்டு பேரும் நடுங்கும் கையை இன்னொரு கையால் மூடி மறைத்துக்கொண்டு நின்றார்கள். சக்கரத்தைத் திருப்பினேன். புதுப் பெயின்ட் வழுவழுவென்று விரலுக்குள் வழுக்கியது. இருவரும் நெருங்கி வந்து ஒருவரானார்கள். அந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறுபடியும் இரண்டாகத் தெரிந்தார்.

"எடுத்தாச்சா மாப்பிள்ளை?"

"இருங்க மாமா, தூரம் சரியா வரல."

அதற்குப் பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். கேமரா என் கையிலும் அவர் கையிலுமாகச் சுற்றியது. அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட ஆடாமல் வந்ததில்லை. என் மனைவி எல்லாவற்றிலும் வேகமாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பது மாதிரி இருப்பாள். "உள்ளதுதானே, எப்ப நின்னிருக்கேன்" என்பாள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுகு அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். இருவரும் ஒருவரை ஒருவர் 'பாவி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மாமனார் போய்ச் சேர்ந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. போன ஞாயிறு கழுகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெளியூரில் ஒருவர் இருக்கிறாராம். மேலே அடித்த பெயின்ட்டைப் பக்குவமாகக் கரைத்து எடுத்து, அந்தக் காலத்து எனாமலையே பூசிக் கொடுப்பாராம். பார்க்கிறவன் அசந்துபோவானாம். "உனக்கு இஷ்டம்னா சொல்லு. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "நல்லவேளை" என்றார் கழுகு.

வீட்டுக்கு வந்து கேமராவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மூலைகள் அப்படியே இருந்தன. பொத்தானுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில், மாமனாரின் கறுப்பு மெலிந்து ஒரு கடுகளவு பித்தளை தெரிந்தது. எத்தனை வருடம் எந்த மஞ்சளுக்காக அலைந்தேனோ, அதே மஞ்சள். கைக்குட்டையை எடுத்துக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, பொத்தானை மெல்ல அழுத்தித் திறந்து, மறுபடி மூடினேன்.

மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானா தேயட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றேன். "அப்ப தேஞ்சா திரும்ப அடிக்க மாமா இருந்தார்."